யார் பெயரில் கேட்கிறது அறிக்கை?



2024 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா ஓர் எச்சரிக்கையை வெளியிட்டது. சைசென்ஸ் என்ற நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்திருக்கிறது; அதன் வாடிக்கையாளர்கள் சைசென்ஸுக்குள் நுழையும் கடவுச்சொற்களோடு, சைசென்ஸ் வழியாகக் கசிந்திருக்கக்கூடிய மற்ற எல்லா லாகின் விவரங்களையும் மாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். சைசென்ஸ் வங்கியோ மருத்துவமனையோ அல்ல. மற்ற நிறுவனங்களின் தரவுத்தளங்களிலிருந்து எண்களை எடுத்து, வரைபடங்களாகவும் அட்டவணைகளாகவும் டாஷ்போர்டில் காட்டும் மென்பொருளை விற்கும் நிறுவனம். அப்படிக் காட்ட வேண்டுமானால் அந்தந்தத் தரவுத்தளத்துக்குள் அது நுழைந்தாக வேண்டும். நுழைய யூசர் ஐடியும் கடவுச்சொல்லும், அல்லது டோக்கனும் வேண்டும். அவற்றை வாடிக்கையாளர்களே கொடுத்து வைத்திருந்தார்கள். பாதுகாப்புத் துறைச் செய்தியாளர் பிரையன் கிரெப்ஸ் அப்போது எழுதியபடி, ஊடுருவியவர்கள் முதலில் அந்நிறுவனத்தின் கிட்லாப் நிரல் களஞ்சியத்தை எட்டினார்கள். அங்கே கிடைத்த ஒரு டோக்கனைக் கொண்டு அமேசான் எஸ்3 சேமிப்பகத்துக்குள் போனார்கள். அங்கிருந்து பல டெராபைட் தரவை எடுத்துச் சென்றார்கள். போனவற்றில் பல பத்து லட்சம் அணுகு டோக்கன்களும் மின்னஞ்சல் கடவுச்சொற்களும் இருந்தன.

அந்த எச்சரிக்கையைப் படித்த ஒவ்வொரு வாடிக்கையாளர் நிறுவனமும் அன்றே பதில் தேட வேண்டியிருந்த கேள்விகளை எண்ணிப் பாருங்கள். இந்த மென்பொருளுக்கு நாம் எந்தெந்த லாகின்களைக் கொடுத்தோம்? அவை யாருடையவை? ஒவ்வொன்றும் எந்தெந்தத் தரவைத் திறக்கும்? இன்று மாற்றினால் நாளைக் காலை எந்த அறிக்கை நின்றுபோகும்? இவற்றுக்குப் பதில் தெரிந்த நிறுவனத்துக்கு அது ஒரு நாள் வேலை. தெரியாத நிறுவனத்துக்கு எத்தனை நாள் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது; எதை மாற்ற வேண்டும் என்றே தெரியாமல் மாற்றத் தொடங்க வேண்டியிருக்கும். அறிக்கைக் கருவிகளைத் தரவோடு இணைக்கும் எல்லா அலுவலகங்களுக்கும், நம் ஊர் நூற்பாலைக்கும் மருத்துவமனைக்கும் கூட்டுறவு வங்கிக்கும், இதே கேள்விகள் பொருந்தும். ஆகவே இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறேன்.

இந்தத் துறையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி, கடவுச்சொல்லை எங்கே பத்திரமாக வைப்பது என்பது. எப்படிப் பூட்டுவது, எந்த முறையில் மறையாக்குவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று அதைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அறிக்கை தரவுத்தளத்திடம் போய்க் கேட்கும்போது, அது யார் பெயரில் கேட்கிறது? இதற்கு ஒழுங்கான பதில் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பூட்டு போட்டாலும் பயன் குறைவு என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம். நமக்குப் பழக்கமான ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். நிலத்தை விற்கவோ வாடகை வசூலிக்கவோ ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம். எந்தச் சொத்து, என்னென்ன செய்யலாம், கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். வேண்டாம் என்றால் ரத்து செய்யலாம். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துபோகும். அறிக்கைக் கருவியில் நாம் தட்டிவிடும் கடவுச்சொல்லும் அதிகாரம் கொடுக்கும் செயல்தான். ஆனால் அதில் சொத்தின் எல்லை இல்லை, நோக்கம் இல்லை, காலம் இல்லை. கொடுத்தவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு திரையை வைத்தே பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் 2004-இல் வெளிவந்தது. இன்றும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஓர் அறிக்கையைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் பக்கத்தில் நான்கு வழிகள் தரப்படுகின்றன. அறிக்கையைப் பார்ப்பவரின் சொந்த அடையாளத்தோடு போகலாம். ஒரு யூசர் ஐடியையும் கடவுச்சொல்லையும் சர்வரிலேயே சேமித்து வைத்து, யார் பார்த்தாலும் அதைக் கொண்டே போகலாம். பார்ப்பவரிடம் ஒவ்வொரு முறையும் கேட்கலாம். எதுவுமே இல்லாமலும் போகலாம். நான்கையும் வரிசையாகப் படிக்கும்போது முதல் வழிதான் ஒழுங்கானது என்று தோன்றும். ஆனால் காலை ஆறு மணிக்கு விற்பனை அறிக்கை தானாகவே மேலாளரின் மின்னஞ்சலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றால் முதல் வழி உதவாது. அந்த நேரத்தில் கணினி முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எடுத்துப் போக எவருடைய அடையாளமும் இல்லை. மூன்றாவது வழிக்கும் அதே கதிதான். ஆகவே இரண்டாவது வழி வெல்கிறது. சோம்பலால் வெல்கிறது என்று சொல்வது அநியாயம். வேலையின் தன்மையே அப்படி. பவர் பிஐ, டேப்லோ, லுக்கர் ஸ்டூடியோ என்று பெயர்கள் மாறினாலும் இந்த நெருக்கடி எல்லாவற்றிலும் உண்டு. லுக்கர் ஸ்டூடியோவில் உரிமையாளரின் லாகின், பார்ப்பவரின் லாகின் என்று அதே தேர்வு வேறு பெயரில் வருகிறது.

சிக்கல் அடுத்த நொடியில் தொடங்குகிறது. சேமித்து வைக்கும் அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது? அறிக்கையைச் செய்பவர் தன் சொந்த லாகினை நிரப்புகிறார். அது கையில் இருக்கிறது, வேலை செய்கிறது, அறிக்கை மாலைக்குள் வேண்டும் என்று மேலிருந்து அவசரம். அவர் தரவுத்தளத்தைப் பராமரிப்பவராக இருந்தால், அந்த லாகினுக்கு எல்லா அட்டவணைகளையும் படிக்க மட்டுமல்ல, திருத்தவும் அழிக்கவும்கூட உரிமை இருக்கும். கிளைவாரி விற்பனைத் தொகையைக் காட்டும் ஒரு பக்கத்துக்கு, சம்பளப் பட்டியலையும் நோயாளிகளின் விவரத்தையும் திறக்கும் அதிகாரம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 1975-இல் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் தகவல் பாதுகாப்பின் அடிப்படை விதிகளை ஒரு கட்டுரையில் தொகுத்தார்கள். ஒரு நிரல் தன் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஐம்பது ஆண்டு கழித்தும் அந்த விதி அன்றாடம் மீறப்படும் இடங்களில் அறிக்கைக் கருவியும் ஒன்று.

அதிகமான உரிமை கையில் இருப்பதால் மட்டும் என்ன நடந்துவிடும், கருவி நல்ல கருவிதானே என்று கேட்கலாம். இதற்கு நார்ம் ஹார்டி 1988-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இன்றும் தெளிவான பதில். டைம்ஷேர் என்ற நிறுவனத்தின் கணினியில் ஒரு கம்பைலர் இருந்தது. நிரல் மொழியின் எந்தெந்த வசதிகள் எவ்வளவு பயன்படுத்தப்படுகின்றன என்ற கணக்கை எழுதிவைக்க வேண்டும் என்பதற்காக, அது இருந்த கோப்பகத்தில் எழுதும் உரிமையை அதற்குக் கொடுத்திருந்தார்கள். வாடிக்கையாளர்களுக்குப் பில் போடுவதற்கான கோப்பும் அதே கோப்பகத்தில்தான் இருந்தது. பயனர் ஒருவர், பிழைதிருத்தத் தகவலை எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று கம்பைலர் கேட்ட இடத்தில், பில் கோப்பின் பெயரைக் கொடுத்தார். அந்தக் கோப்பைத் தொட அவருக்கு உரிமை இல்லை. கம்பைலருக்கு இருந்தது. அது சொன்னபடி எழுதியது. பில் விவரங்கள் அழிந்தன. இங்கே கம்பைலரை யாரும் உடைக்கவில்லை, கடவுச்சொல் எதுவும் திருடுபோகவில்லை. ஒருவர் கொடுத்த அதிகாரத்தை இன்னொருவர் சொன்ன வேலைக்குப் பயன்படுத்தியதுதான் நடந்தது. அறிக்கைக் கருவியின் நிலையும் இதுவே. செய்தவரின் அதிகாரம் அதன் கையில் இருக்கிறது. பார்ப்பவர் தேதியை மாற்றுகிறார், கிளையை மாற்றுகிறார், வடிகட்டியை நீக்குகிறார், விவரத்தைச் சொடுக்கி உள்ளே போகிறார். ஒவ்வொரு சொடுக்கிலும் பார்ப்பவரின் கேள்வி செய்தவரின் பெயரில் போகிறது. வடிகட்டி ஒன்றில் ஓட்டை இருந்தால் தரவுத்தளம் தடுக்காது. அதன் கண்ணுக்குத் தெரிவது முழு உரிமை உள்ள ஒரு பயனர் மட்டுமே.

எதிர்த்திசையிலும் கோளாறு உண்டு. செய்தவர் தன் கடவுச்சொல்லை மாற்றுகிறார், அல்லது வேலையை விட்டுப் போகிறார், நிர்வாகம் முறைப்படி அவர் கணக்கை முடக்குகிறது. மறுநாள் அறிக்கைகள் புதுப்பிக்கப்படுவதில்லை. பவர் பிஐ-யில், நேரம் குறித்து வைத்த புதுப்பிப்பு தொடர்ந்து நான்கு முறை தோல்வி கண்டால் அந்த ஏற்பாட்டையே அது நிறுத்திவிடும். வேறொருவர் அந்தத் தரவுத்தொகுப்பைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, லாகின் விவரங்களைப் புதிதாகக் கொடுத்த பிறகுதான் மீண்டும் ஓடும். அதுவரை டாஷ்போர்டு காலியாக இருக்காது, பழைய எண்களையே காட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கொள்முதல் முடிவு எடுப்பவருக்கு, மூலையில் சிறிய எழுத்தில் உள்ள புதுப்பித்த நேரத்தைக் கவனித்தாலொழிய எதுவும் தெரியாது. இப்படி ஒருமுறை சூடுபட்ட அலுவலகம் அடுத்த முறை என்ன செய்யும்? போனவரின் கணக்கை முடக்காமல் விட்டுவிடும். கடவுச்சொல் காலாவதி ஆகாதபடி அமைத்துவிடும். அறிக்கை நிற்கக்கூடாது என்ற நல்ல நோக்கத்தில், ஊரிலேயே இல்லாத ஒருவரின் முழு அதிகாரம் சர்வரில் உயிரோடு வைக்கப்படுகிறது. பாதுகாப்புக் கோளாறும் நம்பகக் கோளாறும் இப்படி ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. இரண்டையும் தனித்தனியே சரிசெய்யப் பார்ப்பதால்தான் இரண்டும் தீராமல் இருக்கின்றன.

மூன்றாவது இழப்பு, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் திறன். இருநூறு பேர் பார்க்கும் டாஷ்போர்டு ஒரே லாகினில் கேட்டால், தரவுத்தளத்தின் பதிவேட்டில் இருநூறு பேரின் கேள்விகளும் ஒரே பெயரில் கிடக்கும். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகளின்படி, பாதுகாப்புச் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 180 நாள் பதிவேட்டையும் ஒழுங்காக வைத்திருந்து, அதில் உள்ள எல்லா வரிகளும் வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரையே சொன்னால், விசாரிக்க வருபவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அதைவிட வருத்தம் தருவது, எதுவும் தெரியாத ஒருவர் மீது சந்தேகம் விழ அது வழி செய்வது.

பழைய லாகின்கள் உயிரோடு கிடப்பதன் விலை என்ன என்பதற்கு ஸ்னோஃப்ளேக் நிகழ்ச்சியைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஸ்னோஃப்ளேக் ஒரு மேகத் தரவுக் கிடங்கு; பல நிறுவனங்களின் டாஷ்போர்டுகளுக்குப் பின்னால் இருப்பது அதுதான். 2024 ஜூனில் இணையப் பாதுகாப்பு நிறுவனமான மாண்டியன்ட் வெளியிட்ட ஆய்வின்படி, தாக்கியவர்கள் ஸ்னோஃப்ளேக்கின் அமைப்பை உடைக்கவில்லை. வாடிக்கையாளர்களின் சரியான யூசர் ஐடியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தே உள்ளே நுழைந்தார்கள். அவை தகவல் திருடும் தீநிரல்கள் தொற்றிய கணினிகளிலிருந்து கிடைத்தவை. சில 2020 நவம்பரிலேயே திருடப்பட்டவை. மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியும் அவை மாற்றப்படவில்லை. பாதிக்கப்பட்ட கணக்குகளில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. எந்த முகவரியிலிருந்து வரலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஏறக்குறைய 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டி வந்தது. ஏடி அண்டு டி தன் செல்பேசி வாடிக்கையாளர்களில் கிட்டத்தட்ட எல்லோருடைய 2022-ஆம் ஆண்டின் ஆறு மாத அழைப்புப் பதிவுகளும் போய்விட்டதாக அறிவித்தது. இதன் பிறகு ஸ்னோஃப்ளேக் எடுத்த ஒரு முடிவு நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்துகிறது. பயனர் கணக்குகளை மனிதர், சேவை என்று வகை பிரித்து, சேவை வகைக் கணக்கு கடவுச்சொல்லால் நுழையவே முடியாதபடி அமைத்தது. மனிதருக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. நிரலுக்குச் சாவி இணையோ டோக்கனோ. மனிதரும் நிரலும் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ளும் வரை இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கவே முடியாது, ஏனென்றால் நள்ளிரவில் ஓடும் அறிக்கையால் ஓடிபி தட்ட முடியாது. பிரித்த பிறகுதான் இருவருக்கும் உரிய காவலைப் போட முடிந்தது.

ஆகவே நான் முன்வைப்பது இதுதான். ஆளில்லாமல் ஓடும் ஒவ்வோர் அறிக்கை இணைப்புக்கும் அதற்கென்றே ஓர் அடையாளம் வேண்டும். அது எந்த மனிதருடைய லாகினாகவும் இருக்கக் கூடாது. அதற்குப் படிக்கும் உரிமை மட்டும் இருக்க வேண்டும். அதுவும் மூல அட்டவணைகள் மீது அல்ல, அறிக்கைக்குத் தேவையான நெடுவரிசைகளை மட்டும் காட்டும்படி எழுதிய வியூக்கள் மீது. கிளைவாரி விற்பனை வேண்டுமென்றால் வாடிக்கையாளரின் செல்பேசி எண் அந்த வியூவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இல்லாத நெடுவரிசை கசியாது. எந்தச் சர்வரிலிருந்து வரலாம் என்ற கட்டுப்பாடு வேண்டும். அந்த அடையாளத்துக்குப் பொறுப்பாளர் ஒருவரும் அவர் இல்லாதபோது மாற்று ஒருவரும் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதனால் பாதுகாப்புக்கு அப்பாலும் பயன் உண்டு. அறிக்கைக்கென்று தனிக் கணக்கு இருந்தால், ஒரு கேள்வி இத்தனை நொடிக்கு மேல் ஓடக் கூடாது என்று அதற்கு மட்டும் வரம்பு போடலாம். மாதக் கடைசியில் யாரோ இழுத்துவிடும் பெரிய அறிக்கை கவுண்டரில் பில் போடுவதை முடக்காது.

பார்ப்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் அறிக்கைகளில், முடிந்த இடத்தில் அவருடைய அடையாளமே தரவுத்தளம் வரை போகட்டும். கடவுச்சொல்லைக் கொடுக்காமல் அதிகாரத்தை மட்டும் கொடுக்கும் வழி புதிதல்ல. இரண்டாயிரங்களில் ஒரு சமூக வலைத்தளத்தில் சேர்ந்தால், உங்கள் நண்பர்களைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சொல்லி உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லையே கேட்பார்கள், பலரும் கொடுத்தார்கள். இந்த வழக்கத்துக்கு மாற்றாக 2007-இல் ஓஆத் என்ற நெறிமுறையும், 2012-இல் அதன் இரண்டாம் பதிப்பும் வந்தன. இன்னது மட்டும், இன்ன காலம் வரை என்று குறித்த டோக்கன் கைமாறும். கடவுச்சொல் உரியவரிடமே இருக்கும். நம் நாட்டில் இதே சிந்தனை நிதித்துறையில் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2016-இல் வகுத்து 2021-இல் செயலுக்கு வந்த அக்கவுண்ட் அக்ரிகேட்டர் ஏற்பாட்டில், கடன் கேட்பவர் தன் நெட்பேங்கிங் கடவுச்சொல்லை எவரிடமும் தருவதில்லை. எந்தக் கணக்கு, எந்தக் காலத்து விவரம், என்ன நோக்கம், எத்தனை நாள் என்று குறித்த ஒப்புதலைத் தருகிறார். வேண்டாம் என்றால் திரும்பப் பெறுகிறார். தனிமனிதரின் வங்கி விவரத்துக்கு இந்த நாடு ஏற்றுக்கொண்ட ஒழுங்கை, நிறுவனங்கள் தம் சொந்த அறிக்கைகளுக்கு ஏற்க மறுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, சிறிய அலுவலகங்களின் மறுப்பு. எங்களிடம் ஐடி பிரிவு கிடையாது, ஓர் எக்செல் கோப்பும் ஒரு தரவுத்தளமும்தான். இதற்கு இவ்வளவு வேண்டுமா என்கிறார்கள். அந்த எக்செல் கோப்பைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம். வெளித் தரவோடு இணைக்கும்போது, இணைப்பின் பண்புகளில் கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். டிக் செய்தால், இது மறையாக்கம் இல்லாமல் சேமிக்கப்படும் என்று எக்செல் எச்சரிக்கும். ஆமாம் என்று தட்டிவிட்டுப் போகிறோம். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு என்பது உள்ளபடி ஒரு ஜிப் கோப்பு. அதன் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எல் என்ற கோப்புறை. அதில் கனெக்ஷன்ஸ் என்ற சிறிய கோப்பு. நோட்பேடில் திறந்தால் சர்வரின் பெயர், யூசர் ஐடி, கடவுச்சொல் மூன்றும் படிக்கும்படி இருக்கும். அந்த எக்செல் வாட்ஸ்அப்பில் ஆடிட்டருக்குப் போகிறது, அங்கிருந்து வங்கிக்குப் போகிறது. ஐடி பிரிவு இல்லாத அலுவலகத்தில் அந்த யூசர் ஐடி பெரும்பாலும் தரவுத்தளத்தின் அட்மினாகவே இருக்கும். இதைத் தடுக்க ஆகும் வேலை எவ்வளவு? ஒரு புதிய பயனரை உருவாக்கும் ஒரு கட்டளை. குறிப்பிட்ட வியூக்களைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் கிராண்ட் செலக்ட் என்ற இன்னொரு கட்டளை. மென்பொருள் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டால் தேநீர் ஆறுவதற்குள் செய்து தருவார். அதன் பிறகு கோப்பு கசிந்தாலும், கசிந்த லாகினால் படிக்க முடிவது அந்தக் கோப்பில் ஏற்கெனவே உள்ள வகைத் தரவை மட்டுமே.

இரண்டாவது மறுப்பு கனமானது. மனிதரின் பெயரை எடுத்துவிட்டுப் பொதுவான சேவைக் கணக்கை வைத்தால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போகும். அந்தக் கடவுச்சொல் பத்துப் பேரிடம் சுற்றும். இதற்குத் தனிமனிதக் கணக்கே மேல் என்பது. இதில் உண்மை இருக்கிறது. சேவைக் கணக்கு என்ற பெயரில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கினால் நிலைமை முன்பைவிட மோசமாகும். அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் பொறுப்பும் அதிகாரமும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும் என்பதில்லை. அதிகாரம் சேவைக் கணக்கில் இருக்கட்டும். பொறுப்பு பதிவேட்டில் ஒரு மனிதரின் பெயரில் இருக்கட்டும். அந்தக் கணக்கின் ரகசியத்தைக் கருவியிலோ, கடவுச்சொற்களைக் காக்கும் மென்பொருள் பெட்டகத்திலோ நேரடியாகச் செலுத்திவிட்டு, மனிதர் எவரும் அதைக் கையில் வைத்திராதபடி செய்ய இன்றைய கருவிகள் இடம் தருகின்றன. பவர் பிஐ-யின் கேட்வே இதற்கு உதாரணம்: அதில் கொடுக்கும் லாகின் விவரம் மறையாக்கப்பட்டு மேகத்தில் சேமிக்கப்படுகிறது; அதை விடுவிப்பது நம் வளாகத்தில் உள்ள கேட்வே கணினியில்தான். பார்த்தவர் யார் என்ற கேள்விக்கு, அறிக்கைக் கருவியின் பதிவேட்டையும் தரவுத்தளத்தின் பதிவேட்டையும் நேரத்தை வைத்துப் பொருத்த வேண்டும். இது முழுமையான விடை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே நொடியில் பலர் பார்த்தால் குழப்பம் வரும். மிக நுட்பமான தரவு உள்ள அறிக்கைகளைப் பார்ப்பவரின் அடையாளத்திலேயே ஓட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் எல்லாவற்றையும் பார்ப்பவரின் அடையாளத்திலேயே ஓட்டிவிடலாமே என்பது மூன்றாவது மறுப்பு. கேட்கச் சரியாகத் தோன்றுகிறது. நடைமுறையில், ஐந்நூறு பேர் பார்க்கும் டாஷ்போர்டுக்காக ஐந்நூறு பேருக்கும் தரவுத்தளத்தில் நேரடிக் கணக்கு திறக்க வேண்டியிருக்கும். அறிக்கைக் கருவிக்கு வெளியே வேறொரு மென்பொருளை வைத்துக்கொண்டு அவர்கள் நேராகத் தரவுத்தளத்துக்குள் வரலாம் என்ற புதிய வாசலும் அதோடு திறக்கும். பயனரின் அடையாளம் அவர் கணினியிலிருந்து அறிக்கைச் சர்வருக்கும், அங்கிருந்து தரவுத்தளச் சர்வருக்கும் இரண்டு தாவல் தாவ வேண்டும். விண்டோஸ் சூழலில் அதற்குக் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையின் ஒப்படைப்பை ஒழுங்காக அமைக்க வேண்டும். அதில் அரைகுறையாகச் செய்து, அறிக்கைச் சர்வர் எவர் பெயரில் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்று விட்டுவிட்டால் சேமித்த கடவுச்சொல்லே பரவாயில்லை என்றாகிவிடும். ஆகவே நுட்பமான தரவுக்குப் பார்ப்பவரின் அடையாளம், தொகுத்த எண்களுக்குக் குறுகிய சேவைக் கணக்கு என்று பிரிப்பதே என் கருத்து. எது நுட்பமானது என்பதை அந்தத் துறையின் தலைவர் சொல்ல வேண்டும். ஐடி பிரிவு ஊகிக்கக் கூடாது.

நான்காவதாக, நல்ல பெட்டகம் ஒன்றை வாங்கி எல்லாக் கடவுச்சொற்களையும் அதில் வைத்து மாதம் ஒருமுறை மாற்றினால் போதுமே என்பார்கள். பெட்டகம் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் பெட்டகம் காப்பது ரகசியத்தை. அந்த ரகசியம் திறக்கும் பரப்பை அது குறைப்பதில்லை. அட்மின் கடவுச்சொல்லைப் பெட்டகத்தில் வைத்தாலும் அறிக்கை அட்மினாகவே உள்ளே போகிறது. அடிக்கடி மாற்றுவதைப் பொறுத்தவரை, மனிதர்களின் கடவுச்சொற்களைக் காரணமில்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017 முதலே சொல்லி வருகிறது. மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை மட்டும் மாற்றுகிறார்கள். நிரலின் ரகசியத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. நிரலுக்கு நினைவுச் சுமை இல்லை. தானாக மாற்றும் ஏற்பாடு இருந்தால் மாற்றலாம், அதை அறிந்தவர் வேலையை விட்டுப் போகும்போது கட்டாயம் மாற்ற வேண்டும். டோக்கனுக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்பவர்களுக்கு 2023-இல் விஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட்டின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குழு, சில மாதிரிகளைப் பொதுமக்களுக்குப் பகிர ஒரு சேமிப்பக டோக்கனைக் கிட்ஹப்பில் இட்டிருந்தது. அந்த டோக்கன் அந்த ஒரு கோப்புறையை மட்டும் திறப்பதற்குப் பதிலாகச் சேமிப்பகக் கணக்கு முழுவதையும் திறந்தது. 38 டெராபைட் தரவு வெளியே தெரிந்தது. படிக்க மட்டுமின்றி எழுதவும் உரிமை இருந்தது. காலாவதி ஆண்டு 2051. திறக்கக் கடவுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை. எல்லை, நோக்கம், காலம் மூன்றும் தவறியிருந்தன.

கடைசியாக, நாளையே தொடங்கக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். எந்த அறிக்கை யாருடைய லாகினில் ஓடுகிறது என்ற பட்டியல் பெரும்பாலான இடங்களில் இல்லை. விசாரித்து எழுதினாலும் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் இணைத்தவர்களுக்கே மறந்திருக்கும். அந்தப் பட்டியலை இப்படித் தயாரிக்கலாம்: அறிக்கைகளைச் செய்யும் ஒருவர் வேலையை விடப்போகிறார் என்று தெரிந்ததும், அவர் இன்னும் அலுவலகத்தில் இருக்கும்போதே, தரவுத்தளத்தில் உள்ள அவருடைய கணக்கை ஓர் இரவும் சேர்த்து ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். மாதக் கணக்கு முடிப்பு நடக்காத ஒரு நாளாகப் பார்த்து, எல்லோருக்கும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். எந்த அறிக்கை நிற்கிறதோ, எந்த எக்செல் திறக்க மறுக்கிறதோ, இரவில் ஓடும் எந்த வேலை தோற்கிறதோ அதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எதற்காக, எந்த அட்டவணையைப் படிக்கிறது என்று சொல்ல அவர் பக்கத்திலேயே இருக்கிறார். அவரை உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் தேவையான வியூவை எழுதி, சேவைக் கணக்குக்கு மாற்றிவிட்டு, மறுபடி நிறுத்திப் பாருங்கள். மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் இதை இரண்டு முறையாவது செய்ய நேரம் இருக்கும். முதல் முறை இரவு வேலைகள் பிடிபடும். காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் ஓடும் அறிக்கைகள் பிடிபட, காலாண்டு முடிவுக்கு அடுத்த வாரத்தில் இரண்டாம் முறையை வைத்துக்கொள்வது நல்லது.